மாட்டிக்கொண்டவரின் அழுகையில் குறை கண்டது பற்றி

மதிப்புக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் எழுதுவது. இங்கே மூவரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. மகள் நலம். தாங்களும் அக்காவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் கிடங்கில் காவலாளி வேலைக்கு வருகிறேனா இல்லையா என்று மாதக் கடைசிக்குள் சொல்லச் சொல்லியிருந்தீர்கள். வருகிறேன். வாரத்தில் ஆறு நாள் கிடங்கிலேயே தங்க வேண்டும், ஞாயிறு மட்டும் வீடு என்பதற்கும் சம்மதம். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் வியாழக்கிழமைக்குப் பிறகு போனைத் தொடக் கை வரவில்லை. மேலும் போன மாதம் "உங்க கிடங்கும் வேணாம், உங்க தயவும் வேணாம்" என்று நான் கத்தியதாகத் தங்களுக்கு வருத்தம் என்று கேள்விப்பட்டேன். சொன்னது உண்மை. கத்தியது மட்டும் கோபத்தில் இல்லை மச்சான், என் குரலே அதுதான்.

இருபத்திரண்டு வருடம் பாட்டில் கழுவும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றவன் நான். பக்கத்தில் இருப்பவனுக்குச் சொல்ல வேண்டுமானால் காதில் கத்த வேண்டும், தூரத்தில் இருப்பவனுக்குக் கைஜாடை. தொழிற்சாலையை மூடினார்கள், இயந்திரத்தை விற்றார்கள், சத்தம் மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. மருந்துக்கடையில் மூன்று நாள் இருந்தேன். ஒரு பெரியவர் கவுண்டர்மேல் குனிந்து, காதோடு காதாக ஒரு களிம்பு கேட்டார். "மூலத்துக்கா சார்? உள்மூலமா, வெளிமூலமா?" என்று அக்கறையாகத்தான் கேட்டேன், எதிரே பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இன்னொரு இடத்தில் நேர்காணலில் "எப்ப சேருவீங்க?" என்றபோது பதற்றத்தில் வாய் அடைத்துப்போய், கையைத் தலைக்குமேல் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினேன். எங்கள் பாஷையில் "இப்பவே ஓட்டு" என்று அர்த்தம். அவர்கள் வாசல் காவலாளியைக் கூப்பிட்டுவிட்டார்கள். இப்படி ஒன்பது இடம்.

பிறகுதான் நூலகத்து மாடியில் ஆறு வாரம் இலவசப் பயிற்சி என்று தங்கள் தங்கை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்தாள். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளே இருக்கிற மணியை அழுத்தினால் போனை எடுத்து, ஆள் வந்து கதவைத் திறக்கும்வரை தைரியம் சொல்கிற வேலை. வேலை தரப்போகும் கம்பெனியிலேயே வெகுகாலம் அந்த நாற்காலியில் இருந்த அம்மாதான் பயிற்சியாளர். முதல் நாள் நான் "பயப்படாதீங்க!" என்றதும் கீழே படித்துக்கொண்டிருந்த இருவர் எழுந்து ஓடினார்கள். அந்த அம்மா அசரவில்லை. "நீங்க சொல்றதைக் கேட்டு ஒரு குழந்தை தூங்கணும், அதுதான் அளவு" என்றார். எங்கள் கீழ்வீட்டுப் பெண்ணுக்கு மூன்று மாதக் குழந்தை. பாவம், அவள் பெற்ற பிள்ளையையே பரீட்சை அதிகாரியாகக் கொடுத்தாள். தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து "நான் இருக்கேன், நீங்க தனியா இல்ல, மூச்சை மெதுவா விடுங்க" என்று சொல்ல வேண்டும். முதல் வாரம் குழந்தை வீறிட்டது. நான்காம் வாரம் கொட்டாவி விட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது மச்சான்.

அதோடு விட்டார்களா? மேல்மாடி டீச்சர் தினமும் பதினோரு மணிக்குக் குளியலறைக்குள் தாழ்போட்டுக்கொண்டு "ஐயோ, மாட்டிக்கிட்டேன்" என்று போன் செய்வார். சலூன்காரர், அவர் மிமிக்ரி தங்களுக்குத் தெரியுமே, துண்டு வைக்கும் அலமாரிக்குள் புகுந்துகொண்டு ஒருநாள் கிழவராக, ஒருநாள் போலீஸ் அதிகாரியாக அழுவார். என் போனில் கண்ணாடி செத்துப் பல மாதம் ஆகிறது, யார் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாது. அதுவும் நல்ல பயிற்சி என்றார்கள். இந்தத் திங்கட்கிழமைகூட டீச்சர் குரலை அடையாளமே தெரியாதபடி மாற்றிக்கொண்டு, நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவில் நிற்பதாக நடுங்கினார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டே கால் மணி நேரம் பேசினேன். பாட்டில் கதையெல்லாம் சொல்லி, சிரிக்கவே வைத்துவிட்டேன். "நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரமா மாட்டிக்குங்க டீச்சர்" என்று சொல்லித்தான் வைத்தேன்.

ஏனென்றால் இந்த வாரம்தான் பரீட்சை. கம்பெனியிலிருந்து யாரோ, எப்போதோ, மாட்டிக்கொண்டவர் மாதிரி கூப்பிடுவார்கள், ஒரே ஒரு தடவைதான் என்று சொல்லியிருந்தார்கள். செவ்வாய் இல்லை. புதன் இல்லை. டீச்சர்கூடக் கூப்பிடவில்லை, பரீட்சைக்காக லைனை விட்டுவைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். சோறு இறங்கவில்லை. குளிக்கப் போனாலும் போனைச் சோப்புப் பெட்டிமேல் வைத்துக்கொண்டு குளித்தேன். வியாழன் மூன்றரைக்கு மணி அடித்தது. ஒரே கரகரப்பு. நடுவில் தேம்பித் தேம்பி ஒரு பெண்குரல். "என்னங்க... நான்தாங்க... லிஃப்ட் நின்னுபோச்சு... ஒரே இருட்டா இருக்கு..." அசல் தங்கள் தங்கையின் குரல்! எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "யோவ் சலூன், குரல் அப்படியே எங்க வீட்டுக்காரிதான்யா! ஆனா அழுகை சரியில்ல. அவ அழமாட்டா. ஃபேக்டரி மூடின அன்னிக்கே அழாதவ. எனக்கும் சேர்த்து அவதான் தைரியமா நின்னா. அங்கதான் கோட்டை விட்டுட்டே!" என்றேன். அந்தப் பக்கம் ஒரு மூச்சு. வைத்துவிட்டார்கள்.

பாராட்டலாம் என்று சலூனுக்கு ஓடினேன். அவர் யாரோ ஒருவரின் முகம் முழுக்க நுரை தடவிக்கொண்டிருந்தார். "ரெண்டு மணியிலேர்ந்து நான் போனையே தொடலியே" என்றார். தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அப்படியானால் அது கம்பெனி! 'என்னங்க' என்றது மட்டும் கொஞ்சம் இடித்தது, ஆனால் பயத்தில் இருக்கிறவர் யாரை எப்படிக் கூப்பிடுவார் என்று யார் கண்டது? அதையும் யோசித்துத்தானே பரீட்சை வைத்திருப்பார்கள். ஆறு வாரம் இத்தனை பேர் பட்ட பாட்டை அரை நிமிடத்தில் கவிழ்த்துவிட்டேன். தையல் கம்பெனியிலிருந்து அன்று தங்கள் தங்கை ஒரு மணி நேரம் தாமதமாக வந்தாள். முகம் வீங்கியிருந்தது. யாரோ சொல்லிவிட்டார்கள் போலும். தட்டை ணங்கென்று வைத்தாள். இன்று சனிக்கிழமை, இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. கிடங்கை விட எனக்கு இதுதான் தாங்கவில்லை.

ஒன்றாம் தேதி காலை பெட்டியோடு வந்து நிற்கிறேன். அங்கே கத்துகிற காவலாளி உபயோகமாகத்தான் இருப்பான். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, தங்களுக்கு மன்னிப்போடு கூடிய நமஸ்காரம்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் பாக்கியமோ துரதிர்ஷ்டமோ ஆகிய,
மாப்பிள்ளை

பி.கு: அண்ணா, இது நான். லெட்டரை ஒட்டித் தபாலில் போடச் சொல்லிக் கொடுத்துவிட்டு, கீழ்வீட்டுக் குழந்தையிடம் சொல்லிக்கொள்ளப் போயிருக்கிறார். வியாழக்கிழமை மாட்டிக்கொண்டது நான்தான். எங்கள் தையல் கம்பெனி லிஃப்டில், கரண்ட் போய், தன்னந்தனியாக முப்பத்தைந்து நிமிடம். எதற்கும் அழாதவள் அன்றைக்கு அழுதேன். அவர் குரலையாவது கேட்கலாம் என்று கூப்பிட்டால், அழுகை சரியில்லையாம்! அவ அழமாட்டா, அவதான் தைரியமா நின்னா என்றாரே, அந்த இருட்டில் அதைக் கேட்டதும் அழுகை நின்றுவிட்டது. கதவு திறக்கிறவரை அவரை என்னென்ன கேட்பது என்று யோசித்துக்கொண்டே நின்றேன், பயம் போன இடம் தெரியவில்லை. டீச்சர் ஞாயிற்றுக்கிழமையே மகள் வீட்டுக்குப் போய்விட்டார். திங்கட்கிழமை கூப்பிட்டது யார் என்று புரிகிறதா? இன்று காலை கம்பெனிக் கடிதம் வந்தது. ஒன்றாம் தேதி சேரச் சொல்லியிருக்கிறார்கள். அடியில், மாட்டிக்கொண்டவரை டீச்சர் என்று அழைப்பதைத் தவிர்க்கவும் என்று ஒரு வரி. கிடங்குக்கு வேறு ஆள் பாருங்கள் அண்ணா. கடிதம் என் தையல் மெஷின் இழுப்பறையில் இருக்கிறது. அவர் திரும்பி வந்ததும் முப்பத்தைந்து நிமிடம் மாட்டிக்கொண்டு நிற்கட்டும். அதற்குமேல் எனக்கும் மனசு கேட்காது, நானே திறந்துவிடுகிறேன்.