யானையோடு களி தின்ற காலிஃபிளவர் அண்ணன்

ஓசூர் வட்டாரத்தில் யானைக்கூட்டத்தோடு உட்கார்ந்து ராகிக் களி தின்ற மனிதர் ஒருவர்தான். அவர் எங்கள் காலிஃபிளவர் அண்ணன். தின்றது கனவில் என்பதால் அவர் பெருமை குறைந்துவிடாது.

தொழிற்பேட்டையில் எங்களுக்கு ஒரே கம்பெனி, ஒரே வாடகை அறை. அண்ணன் அஞ்செட்டிப் பக்கம்; களி தின்றே வளர்ந்தவர். சர்க்கரை வந்து, டாக்டர் மாத்திரை கொடுத்து, “மாவுச்சத்தைக் குறைங்க” என்றார். அண்ணனுக்குக் குறைப்பதென்றால் ஒழிப்பது. காலிஃபிளவரைத் துருவி, சோறு என்று தட்டில் குவித்தார். பெயர் அன்றே நிலைத்தது.

வழிகாட்டியது, மாவுச்சத்தே கூடாது என்னும் ஓர் இணையக் குழு. சாப்பாட்டைப் படம் எடுத்துப் போட்டு, யாராவது பாராட்டிய பிறகுதான் முதல் வாய் வைப்பார். அதற்குள் முட்டை ஆறிவிடும்.

“ஆறுனா என்னாப்பா? துபாய்ல இருந்து ஒருத்தரு சூப்பர்னு போட்டிருக்காரு பாரு.”

இன்னொரு பக்கம், கம்பெனி ஏற்பாடு செய்த டயட்டீஷியன் மேடம். ஆனேக்கல்காரர், கன்னடம் கலந்த தமிழில் வாராவாரம் போனில் விசாரிப்பார். மேடம் சொன்னதை அண்ணன் குழுவில் கேட்பார். குழு சொன்னதை மேடத்திடம் கேட்பார். கடைசியில் குழு பேச்சைத்தான் கேட்பார்.

சோற்றை விட்ட கொஞ்ச நாளில் அந்தக் கனவு வந்தது. சானமாவு காட்டோரம் பனி இறங்குகிறது. யானைகள் சத்தமில்லாமல் வயலுக்குள் வருகின்றன. விரட்ட ஆளில்லை. கதிர் நிற்க வேண்டிய இடத்தில் களி, உருண்டை உருண்டையாக, ஆவி பறக்க. பெரிய யானை ஓர் உருண்டையைத் தும்பிக்கையால் இவர் பக்கம் மெல்லத் தள்ளுகிறது.

குழுவில் எழுதினார். “கனவிலும் கட்டுப்பாடு வேண்டும் நண்பரே” என்று ஒருவர் கண்டித்தார்.

மேடத்திடம் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன்.

“ஹௌதா? அப்படியா? எவ்வளவு சாப்பிட்டீங்க?”

“எண்ணல மேடம். யானை விடல.”

“எழுந்ததும் வேர்த்துச்சா? கை நடுங்குச்சா?”

அண்ணன் யோசித்தார். “நடுங்குச்சு. யானைய பாத்த பயம்னு நெனச்சேன்.”

மேடத்தின் குரல் மாறியது. “சோத்தையும் விட்டுட்டு மாத்திரையும் பழைய அளவே போட்டா சக்கரை ரொம்ப எறங்கிடும். நாளைக்கே டாக்டரைப் பாருங்க.”

அண்ணன் குழுவைக் கேட்டார். ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும், உப்புத் தண்ணீர் குடியுங்கள் என்றது குழு. டாக்டரிடம் போகவில்லை.

அந்த வாரமே, கம்பெனியில் கன்வேயர் மேல் பல்சக்கரங்கள் நகர்ந்துகொண்டிருக்க, அண்ணன் புன்னகையோடு நின்றார்.

“இட்லி எவ்ளோ அழகா போவுது பாரேன்.”

முகமெல்லாம் வியர்வை. கால் மடிந்தது. தாங்கி உட்கார வைத்து மேடத்தைக் கூப்பிட்டேன்.

“முழிச்சிருக்காரா? முழுங்க முடியுதா? உடனே சக்கரைத் தண்ணி குடுங்க. நான் லைன்லயே இருக்கேன்.”

கேன்டீனிலிருந்து கலக்கி வந்ததை நீட்டினேன். அந்த மயக்கத்திலும் டம்ளரைத் தள்ளினார். “குழுவுல என்ன சொல்லுவாங்க?”

“குழு இங்க இல்லண்ணா. நான்தான் இருக்கேன். குடிங்க.”

குடித்தார்.

அன்றே டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். மேடம் மதியச் சாப்பாட்டில் எலுமிச்சை அளவு களிக்கு அனுமதி தந்தார். நடந்ததையெல்லாம் எழுதி, களியைப் படமெடுத்து, பயந்துகொண்டே குழுவில் போட்டார் அண்ணன். சிலர் துரோகி என்றார்கள். ஆனால் தனியே செய்திகள் வந்தன: “எனக்கும் நடுங்குதுண்ணா. யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியல.”

அதன் பிறகும் குழுவை விட்டு அவர் விலகவில்லை. நடுக்கம் என்று யாராவது எழுதினால் எண் வாங்கிக் கூப்பிட்டுவிடுகிறார்.

போன ஞாயிறு அண்ணனோடு சினிமாவுக்குக் கிளம்பி, அறையைப் பூட்டப் போனேன். அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்து, தேன்கனிக்கோட்டையில் இருக்கும் முகம் தெரியாத ஓர் அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். “நான் டாக்டர் இல்லம்மா. நீங்க டாக்டர்கிட்ட போற வரைக்கும் பேசிட்டிருப்பேன், அவ்ளோதான்.”

படம் ஆரம்பித்திருக்கும். பூட்டை ஜன்னலில் வைத்துவிட்டு, அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.