அப்டேட் அக்காவின் ஐந்து மாதங்கள்

புதுப்பிக்கும் இனத்தை நீங்கள் பார்க்காமல் இருக்க முடியாது. ஒழுங்காக ஓடுகிற எதையும் ஓடவிடப் பொறுக்காத இனம். நாம் இங்கே எடுத்துக்கொண்ட மாதிரி, லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றின் முதலாளி, பொறியியல் படித்தவள், ஐந்து மாதம் முன்பு அப்பா காலமானதும் அவர் நாற்காலிக்கு வந்தவள். வந்ததும் நாற்காலியை மாற்றினாள். ஊழியர்கள் வைத்த பெயர் அப்டேட் அக்கா.

கையெழுத்து நோட்டு பழசு என்று விரல்ரேகை இயந்திரம் வாங்கினாள். விரலெல்லாம் கிரீஸ் என்பதால் அது ஒருவரையும் அடையாளம் காணவில்லை. அதன்படி பார்த்தால் ஒரு மாதம் கம்பெனியில் ஆளே கிடையாது. ஆளே இல்லாமல் ஊரிலுள்ள லிஃப்டெல்லாம் ஏறி இறங்கின. அசந்தாளா? முகம் பார்க்கும் இயந்திரம் வந்தது. முகத்திலும் கிரீஸ். பிறகு, உட்கார்ந்து பேசினால் மூளை தூங்கிவிடும் என்று எங்கோ படித்துவிட்டு, நாளெல்லாம் நின்றே வேலை செய்கிறவர்களைக் கூட்டி, நிற்கவைத்தே கூட்டம் போட்டாள். அதற்கும் பிறகு செயலி. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர் தம் மனநிலைக்கேற்ற முகப்படத்தைத் தொட்டால்தான் புகார் பதிவாகும்.

“உள்ள மாட்டினவன் எந்த மூஞ்சியைத் தொடுவான், பாப்பா?” என்றார் பெரிய மெக்கானிக். அவளுக்குப் பல் முளைத்த நாளிலிருந்து அங்கே இருப்பவர்.

“மூணு மூஞ்சி இருக்கு, அண்ணே.”

“நாலாவதா என் மூஞ்சியைப் போடு. பார்த்தா தெம்பாவது வரும்.”

“அடுத்த பதிப்புல போடறேன்” என்று குறித்துக்கொண்டாள்.

ஒன்றில் மட்டும் கை வைக்கவில்லை. புகார்த் தொலைபேசியை யாரும் எடுக்காவிட்டால் அப்பாவின் பதிவுக் குரல் வரும்: “பயப்படாதீங்க. கதவை நெம்பாதீங்க. ஆள் கிளம்பியாச்சு.” ஆள் அப்போது டீ குடித்துக்கொண்டிருப்பான் என்பது வேறு விஷயம். அந்தக் குரல் இருந்த பெட்டியோ இன்றோ நாளையோ என்று இழுத்துக்கொண்டிருந்தது; அது நின்றால் குரலும் போச்சு. பெட்டியை மாற்ற அவளே மூன்று முறை தேதி குறித்தாள்; அவளே தள்ளிப்போட்டாள். முதல்முறை மழை. அடுத்தமுறை வெயில். மூன்றாவது நாள் இரண்டும் இல்லை, அது சரிப்படாது. தினமும் மத்தியானம் அந்த எண்ணுக்கு அவளே ஒருமுறை அடிப்பாள். சும்மா, வேலை செய்கிறதா என்று பார்க்க.

நான்காவது முறை அவள் தேதி குறிக்கும்வரை காத்திராமல், தொலைபேசி பொருத்துகிறவன் தானே வந்து நின்றான்.

“பழைய குரலை அழிச்சிடவா, மேடம்?”

“புதுப் பெட்டிக்கு ஏத்த முடியுமா?”

“முடியும். கரகரப்பை எடுத்துட்டு சுத்தமா தரேன். நடுவுல ஒரு இருமல் வருது, அதையும் வெட்டிடலாம்.”

ஐந்து மாதத்தில் முதல்முறையாக, ஒரு முன்னேற்றத்தைக் கேட்டு அவளுக்குக் கோபம் வந்தது.

“இருமல் இருக்கட்டும்.”

“கஸ்டமர் ஏதாவது சொன்னா?”

“இருமினவருக்கு முப்பது வருஷ அனுபவம்னு சொல்லு, தம்பி” என்றார் பெரிய மெக்கானிக்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, நாளையிலிருந்து எல்லோருக்கும் புதிய வருகைப்பதிவு என்று அறிவித்தாள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். வீட்டில் டிவி முதல் தலையணை வரை மாற்றிவிட்ட நீங்கள், அலமாரியின் அடித்தட்டில் ஒரு பழைய கைப்பேசிக்கு மட்டும் மாதம் தவறாமல் சார்ஜ் போட்டு வைக்கிறீர்களே, அதில் யார் பேசுகிறார்கள்?