முள்ளங்கிப் பீப்பாய் மேல் இருக்கும் கல் விஷயமாக

மரியாதைக்குரிய மட்சுனாகா அத்தானுக்கு, ஒசாகா தென்மா கடைவீதியிலிருந்து ஊறுகாய்க்கடை கிசபுரோ வணக்கத்துடன் எழுதுவது. ஆற்றோரத்து ஜிங்கோ மரங்கள் மஞ்சளாகிவிட்டன. குளிரில் உங்கள் முட்டிவலியும் நொபுயோ அக்காவின் இருமலும் கூடாமல் இருக்கவேண்டும். நாங்களும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். நீங்கள் இருக்க விட்டால்தானே.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் ஊர் வரலாறு சொல்லிக் கூட்டம் கூட்டமாக ஆட்களை நடத்திப் போகிறீர்கள், சரி. போன மாதம் என் கடை வாசலில் நின்று, முள்ளங்கிப் பீப்பாய் மேல் பாரத்துக்கு வைத்த கல்லைக் கையிலிருந்த வழிகாட்டிக் கொடியால் சுட்டி, "இது பழைய காய்கறிச் சந்தையோட எல்லைக்கல்லுங்க, பாவம், கடைக்காரருக்கே தெரியாது!" என்றீர்களே, எனக்கா தெரியாது? கடை போட்ட வருஷம் யோதோ ஆற்றங்கரையில் பொறுக்கி நானே சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்த கல் அது. தூக்க வசதியாக வைக்கோல் கயிறு சுற்றியிருந்தேன். கோயிலில் சாமி குடியிருக்கும் கல்லுக்கும் மரத்துக்கும் கட்டுவதும் வைக்கோல் கயிறுதானே, அப்படிக் கயிறு சுற்றிய கல்லைக் கண்டால் நம் ஜனங்கள் சும்மா போவார்களா? மறுநாளே ஓர் அம்மாள் இரண்டு தரம் கைதட்டிக் கும்பிட்டு ஐந்து யென் காசை வீசினாள். அது நேராக உப்புத்தண்ணீரில் விழுந்தது. பிறகு பரீட்சைப் பிள்ளைகள் வந்து தடவினார்கள். முள்ளங்கி எடுக்கக் கல்லில் கைவைத்தால், "ஏய்யா, கையக்கூடக் கழுவாம சாமியத் தூக்குறியே!" என்று சத்தம். புத்தாண்டு விருந்துக்கு என் வாடிக்கை விடுதிக்காரர் சொல்லிவைத்த சரக்கு முழுக்க அதற்கடியில்தான் கிடக்கிறது. இந்த வாரம் எடுக்காவிட்டால் புளித்துப்போகும், அவரும் வேறு கடை பார்த்துக்கொள்வார். கும்பிட வருகிறவன் ஒரு துண்டாவது வாங்குகிறானா? அதுவும் இல்லை. என் மனைவி சடாக்கோவோ, "இத்தனை வருஷமா வாசல்ல நின்னு தொண்டை கிழியக் கத்தினீங்க, ஒருத்தன் திரும்பினானா? கல்லு வாயே தொறக்கல, பாருங்க கூட்டத்த" என்கிறாள்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை வந்து, "இது வெறும் ஆத்துக்கல்லு, வீட்டுக்குப் போங்க" என்று உங்கள் வாயாலேயே சொல்லிவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் கல்லை எடுத்த ஆற்றிலேயே போட்டுவிடுவேன்.

அக்காவுக்கு வணக்கம். உங்கள் பேரனாவது உங்களைப்போல் வாயாடாமல் நீடு வாழட்டும்.

இப்படிக்கு,
கிசபுரோ

பி.கு. உறையை ஒட்டப்போகும்போது விடுதிக்காரர் வந்தார். "சாமிக் கல்லுக்கடியில ஊறின முள்ளங்கியாமே! விருந்தாளிங்க கேக்கறாங்க. இன்னொரு பீப்பாயும் போடுங்க, வெலயப் பத்திப் பேச்சில்ல" என்றார். கையைக் கழுவிக்கொண்டு கல்லைத் தூக்கினேன், கூட்டம் கும்பிட்டது. இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த எதிர்க்கடைத் தேயிலைக்கார ஒகுனோ, இப்போது தன் வாசலிலும் ஒரு கல்லை வைத்துக் கயிறு சுற்றுகிறான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வாருங்கள், அத்தான். மேலே நான் எழுதித் தந்ததை ஒரு வார்த்தை மாற்றாமல் அவன் கல்லைப் பார்த்துச் சொல்லுங்கள்.