துக்கத்துக்குப் போன டூரிஸ்ட்

எங்கள் டவுன்ஷிப்பில் லீவுக்கு உண்மையான காரணத்தை எழுதுகிற ஆள் இன்னும் வேலைக்குச் சேரவில்லை. குலதெய்வத்துக்குக் கிடா வெட்டப் போகிறவர் கடும் காய்ச்சல் என்று எழுதுவார். நிஜமாகவே காய்ச்சலில் கிடப்பவர், காய்ச்சலைப் போன மாதமே பயன்படுத்திவிட்டதால், குவார்ட்டர்ஸில் தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டது என்று எழுதுவார். பொய் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் ஆசை கிடையாது. எதைச் சொன்னால் லீவு கிடைக்குமோ அதுதான் காரணம், அவ்வளவுதான்.

நான் சுரங்கத்தின் டைம் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். வருகையும் லீவும் என் மேசைதான். அதனால் காரணம் சொல்லும் கலையில் நான் கரை கண்டவள் என்று பிளாக் முழுக்க ஒரு நம்பிக்கை. (நானும் நம்பினேன். அதுதான் வினை.) "மேடம், இந்த மாசம் மாமியாரச் சாகடிக்கலாமா, இல்ல ஏற்கனவே செத்துட்டாங்களா, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று ஷிப்ட் முடிந்து கரி படிந்த முகத்தோடு வந்து நிற்பார்கள். நானும் பார்த்துச் சொல்வேன். எந்த வாசலில் நிற்கிறோமோ அந்த வாசலுக்குத் தகுந்த காரணம் சொல்ல வேண்டும் என்பது என் கொள்கை. இரண்டு வருடத்துக்கு முன் அந்தக் கொள்கையைத்தான் மலேசியாவுக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

பூங்காவனம் அத்தை என் அப்பாவின் ஒரே தங்கை. கம்மாபுரம் பக்கம் பிறந்தவர். பெண் தேடி ஊருக்கு வந்த ஒரு மலேசியத் தமிழரைக் கட்டிக்கொண்டு கோலாலம்பூர் போனார். அப்பா அந்த வீட்டு வாசலை மிதித்ததே இல்லை. அத்தை பிள்ளைகளின் காதுகுத்து, கல்யாணம் எல்லாம் தாய்மாமன் இல்லாமலே நடந்தன. முதலில் கையில் காசு இல்லை, பிறகு ஷிப்ட் ஒத்துவரவில்லை, ரிட்டயர் ஆகிப் பாஸ்போர்ட் எடுத்ததும் முட்டிவலி வந்துவிட்டது. அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு நாள் காலை டீ குடித்துக்கொண்டிருந்த மாமா நாற்காலியிலேயே சாய்ந்து போய்விட்டார்.

புருஷன் போன பெண்ணுக்குப் பதினாறாம் நாள் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வர வேண்டும். கூடப் பிறந்தவன் கையால் அதைப் போர்த்த வேண்டும். அது வராவிட்டால் அவளுக்கு ஆள் இல்லை என்று அர்த்தம். மலேசியாவில் இருந்தாலும் சபை சபைதான்.

"கல்யாணத்துக்கெல்லாம் நீ வரலன்னு நான் ஒண்ணும் சொல்லலண்ணா" என்றார் அத்தை போனில். "இதுக்கு மட்டும் வந்துடு. இவங்க வூட்டு ஆளுங்க முன்னாடி என்னை நாதியத்தவளா ஒக்கார வெச்சிடாத."

"வந்துர்றேம்மா" என்றார் அப்பா. போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போய்த் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்துகொண்டார்.

மலேசியா போக இப்போது நமக்கு விசா வேண்டாம். கிளம்புவதற்கு முன் இணையத்தில் ஒரு வருகை அட்டை நிரப்ப வேண்டும். திரும்பி வர டிக்கெட், தங்க ஓர் இடம், செலவுக்குக் கொஞ்சம் பணம் இருக்க வேண்டும். சுற்றிப் பார்க்கவும் போகலாம், சொந்தக்காரர்களைப் பார்க்கவும் போகலாம். அத்தை வீட்டு முகவரியும் மகன் போன் நம்பரும் காட்டியிருந்தால் முடிந்துபோயிருக்கும் விஷயம். (இதெல்லாம் இப்போது எனக்குத் தலைகீழாகத் தெரியும். அப்போது எனக்குத் தெரிந்திருந்தது எதிர்வீட்டு அண்ணாச்சியை மட்டும்தான்.)

அண்ணாச்சிக்குத் திருநெல்வேலிப் பக்கம். பவர் ஹவுஸில் போர்மேன். ஒரு முறை குடும்பத்தோடு மலேசியா டூர் போய்வந்தவர் என்பதால் எங்கள் தெருவுக்கு அவர்தான் வெளியுறவுத் துறை.

"துட்டிக்குப் போறேன்னு, சாவு வீடுன்னு சொல்லிராதீயம்மா" என்றார். "சொந்தக்காரன் வீடுன்னு சொன்னா, இவன் வேலைக்கு வந்திருக்கான், திரும்பிப் போக மாட்டான்னு நெனைப்பான். சுத்திப் பாக்க வந்திருக்கோம்னு சொல்லுங்க. துட்டு செலவழிக்க ஆள் வாரான்னு கதவத் தொறந்து விட்டுருவான்."

எனக்கு அது உடனே பிடித்துப்போனது. என் கொள்கையேதான் அது. இல்லாத சாவைச் சொல்லி ஊரே லீவு வாங்குகிறது; நான் இருக்கிற சாவை மறைத்து உள்ளே போகப் போகிறேன் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு.

உடனே வேலையில் இறங்கினேன். ஒரு ஹோட்டலில் அறை பதிவு செய்து, அந்தத் தாளைப் பிரின்ட் எடுத்து, எடுத்த கையோடு பதிவை ரத்து செய்தேன். தங்கப்போவது அத்தை வீட்டில்தானே, எதற்குத் தண்டச் செலவு? மெயின் பஜாரில் அப்பாவுக்கு ஒரு சட்டை வாங்கினேன். மஞ்சள் துணியில் சிவப்புச் செம்பருத்தி, முதுகு முழுக்க ஒன்று, நெஞ்சில் இரண்டு. கூடவே ஒரு தொப்பி. வாழ்நாள் முழுவதும் காக்கியைத் தவிர வேறு எதுவும் போட்டறியாத மனிதர் கண்ணாடி முன் நின்று, "எழவுக்குப் போறப்ப இதையா பாப்பா போட்டுக்கினு போறது?" என்று கேட்டார். "ஏர்போர்ட் தாண்டினதும் மாத்திக்கலாம்ப்பா" என்றேன்.

திருச்சி விமான நிலையம் போகும் வரை காரில் ஒத்திகை நடந்தது.

"எதுக்கு வந்திருக்கீங்க?"

"சுத்திப் பார்க்க."

"என்ன பார்க்கப் போறீங்க?"

"தங்கச்சிய."

"அப்பா!"

"சரி சரி. ரெட்டைக் கோபுரம்."

கோலாலம்பூரில் எங்களுக்கு வாய்த்த அதிகாரி ஒரு பெண். ஆங்கிலத்தில் கேட்பார்கள், நான் பேசிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அவர் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், பிறகு சுத்தமான தமிழில், "எதுக்கு ஐயா வந்திருக்கீங்க?" என்று கேட்டார்.

அந்த 'ஐயா'வை அப்பா எதிர்பார்க்கவில்லை. விமானம் ஏறியதிலிருந்து யாரும் அவரிடம் ஒரு வார்த்தை அன்பாகப் பேசியிருக்கவில்லை, நான் உட்பட.

"ரெட்டைக் கோபுரம் பார்க்க" என்றார். சொல்லி முடிப்பதற்குள் உடைந்து அழ ஆரம்பித்துவிட்டார். தொப்பி நழுவிக் கீழே விழுந்தது. செம்பருத்திப் பூக்கள் குலுங்கக் குலுங்க அழுதார். இரட்டைக் கோபுரத்தை நினைத்து அப்படி அழுத மனிதர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

"சந்தோஷத்துல மேடம்" என்றேன் நான். "ரொம்ப நாள் ஆசை."

எங்களைத் தனியாக ஓர் அறைக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே அந்தப் பெண்ணோடு அவருடைய மேலதிகாரியும் இருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் முகம் பார்க்கத் தெரிந்தது. ஹோட்டல் தாளைக் கேட்டார்கள். கொடுத்தேன். ஹோட்டலுக்குப் போன் போட்டார்கள். அப்படி ஒரு பதிவே இல்லை என்று பதில் வந்தது.

அப்போதாவது நான் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். எனக்கு முன் அப்பா சொல்லிவிட்டார். கையெடுத்துக் கும்பிட்டு, "எந்தங்கச்சி வூட்டுக்காரரு செத்துட்டாருங்கம்மா. கோடி போட வந்திருக்கோம்" என்றார்.

அந்த இடத்தில் டைம் ஆபீஸ் என் நாக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஒரு முறை கொடுத்த காரணத்தை நடுவில் மாற்றினால் லீவு ரத்து, மேலே மெமோ. பதினைந்து வருடப் பழக்கம்.

"இல்ல மேடம், அப்படி யாரும் சாகல" என்றேன். "அப்பாவுக்கு வயசாயிடுச்சு. சில சமயம் இப்படித்தான் ஏதாவது சொல்லிட்டிருப்பார்."

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பற்றி நகைச்சுவையாக எழுத எனக்கு வரவில்லை.

அந்தப் பெண் எழுந்து எங்கள் கைப்பெட்டியைத் திறந்தார். மேலாகவே ஒரு கோடிச் சேலை, மஞ்சள் பையில் விபூதி, பாக்கு. அதற்குக் கீழே மாமாவின் கல்யாணப் போட்டோ, ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கி, பிரேம் போட்டு, சந்தன மாலை சுற்றி, அடியில் பிறந்த தேதியும் மறைந்த தேதியும் போட்டது. அத்தை கேட்டிருந்தார் என்று அப்பாவே முன்னின்று செய்த வேலை அது. மாமா எங்கள் எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இவரும் சாகலையா?" என்று கேட்டார் அந்தப் பெண்.

பிறகு நான் எல்லாவற்றையும் சொன்னேன். அழுதுகொண்டே, அத்தை முகவரியோடு, போன் நம்பரோடு. அவர் பொறுமையாகக் கேட்டு மேலதிகாரியிடம் மலாய் மொழியில் பேசினார். வாதாடினார் என்றே நினைக்கிறேன். மேலதிகாரி முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார்.

"துக்கத்துக்கு வந்தோம்னு மொதல்லயே சொல்லியிருந்தா முத்திரை குத்தி அனுப்பியிருப்பேன்ம்மா" என்றார் அந்தப் பெண். "பொய்த் தாள் குடுத்தீங்க. செத்தவரைச் சாகலன்னீங்க. இப்ப நீங்க சொல்றது எதை நாங்க நம்புறது?"

உள்ளே விடப்பட மாட்டோம், அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பப்படுவோம் என்று முடிவானது. ஒரு போன் பேசிக்கொள்ள விட்டார்கள். அத்தையும் மகனும் வெளியே வரவேற்புக் கூடத்தில்தான் காத்திருந்தார்கள்.

"எங்கண்ணா இருக்க?" என்று அத்தை கேட்டது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. "எல்லாரும் வெளிய வந்துட்டாங்க, உன்னைக் காணமே."

"உள்ளதாம்மா இருக்கேன். செவுத்துக்கு இந்தாண்ட" என்றார் அப்பா. "வுட மாட்டேங்கறாங்க. நீ வூட்டுக்குப் போம்மா."

அதோடு அதிகாரிகள் போனை வாங்கிக்கொண்டார்கள்.

திருப்பி அனுப்பும் அறையில் குளிர் எலும்பில் ஏறியது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் எங்களைப் போல இன்னும் சிலர் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்பா சேலைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, மாற்றிக்கொள்ள வேறு சட்டை எடுக்கவும் தோன்றாமல், அந்தப் பூப்போட்ட சட்டையிலேயே உட்கார்ந்திருந்தார். ஊர் வந்து சேரும் வரை என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"மாமன் செத்தத ஏம் பாப்பா இல்லன்ன?"



பதினாறாம் நாள் சடங்கை என் போனில் வீடியோவாகக் காட்டினார்கள். அத்தை தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். மருமகளின் அண்ணன் ஒருவர் பிறந்த வீட்டு இடத்தில் நின்று, அங்கேயே கடையில் வாங்கிய சேலையைப் போர்த்தினார். "கூடப் பொறந்தவரு எங்க?" என்று ஒரு குரல் கேட்டது. "ஏர்போர்ட் வரைக்கும் வந்தாராம்" என்றது இன்னொரு குரல். யாரோ சிரித்தார்கள். அப்பா என் கையிலிருந்து போனை வாங்கி மேசைமேல் கவிழ்த்து வைத்தார். அதன்பிறகு வெகுநாள் என்னிடம் தேவைக்கு மட்டும்தான் பேசினார். எதிர்வீட்டு அண்ணாச்சி வந்து விசாரித்துவிட்டு, "பிளான் பக்காவாத்தானே இருந்துச்சு, சட்டைதான் இடிச்சிட்டு போல" என்றார். (அவர் நல்ல மனிதர். அன்று மட்டும் அவரைச் சுரங்கத்துக்குள் தள்ளலாம் போல இருந்தது.)

வருஷத் திவசம் முடிந்த கையோடு, யாரும் எதிர்பார்க்காமல், அத்தையே கிளம்பி வந்தார். இப்போது அவர்தான் வெளிநாட்டுக்காரர். இந்தியாவுக்கு வர அவருக்குத்தான் விசா. சென்னையில் இறங்கித் தனியாக டாக்ஸி பிடித்து எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றார். அப்பா கதவைத் திறந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுத அழுகையில் எதிர்வரிசை வீடுகளில் விளக்கு போட்டு எட்டிப் பார்த்தார்கள். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று அழுதேன். முன்னால் போக எனக்கு முகம் இல்லை.

அழுது ஓய்ந்து, முகம் கழுவி, டீ குடித்த பிறகு அப்பா பீரோவைத் திறந்து அந்தச் சேலையை எடுத்து வந்து அத்தையின் தோளில் போட்டார். அத்தை அதைப் பிரித்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"இந்தக் கலரையா எடுத்த? அவங்க திருப்பி அனுப்பினது சரிதான்" என்றார். ஒரு வருடத்துக்குப் பிறகு அப்பா சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

நான் மெல்ல வெளியே வந்து, இமிக்ரேஷனில் சிரமம் ஒன்றும் இல்லையே அத்தை என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"என்னா செரமம்?" என்றார் அத்தை. "எதுக்கு வந்திருக்கீங்கன்னு கேட்டான் அந்தப் புள்ள. எங்கண்ணனப் புடிச்சிக்கினு அழுவறதுக்கு வந்திருக்கேன்னு சொன்னேன். பட்டுனு குத்திக் குடுத்து, சீக்கிரம் போங்கம்மான்னுட்டான்."

அன்றோடு எங்கள் வீட்டில் எந்தக் கவுன்ட்டரிலும் நான் பேசக் கூடாது என்று தீர்ப்பாகிவிட்டது. ஆஸ்பத்திரியோ, பேங்கோ, ரேஷன் கடையோ, அப்பா என்னைக் கையால் பின்னுக்குத் தள்ளிவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார். அங்கே இருப்பவர்கள் யார் இந்த அம்மா என்று பார்த்தால் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் சொல்வார்:

"எம்பொண்ணுதாங்க. அது சும்மா சுத்திப் பார்க்க வந்திருக்கு."