ஸ்பைனல் அக்கா டைப் அடிக்காத அத்தியாயம்

பிறந்ததிலிருந்து ஒரு தப்புகூடச் செய்யாத மனுஷி திருவனந்தபுரத்திலேயே எங்கள் ஹாஸ்டல் ஸ்பைனல் அக்கா ஒருத்திதான். நான் சொல்லவில்லை, அவளே சொல்வாள். அவள் கை செய்த தப்புகளுக்கு அவள் பொறுப்பில்லை. எல்லாம் முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடம், அதாவது ஸ்பைனல் கார்ட், அவளைக் கேட்காமல் செய்தவை.

அக்காவுக்குச் சொந்த ஊர் செங்கோட்டை. இங்கே குமாரபுரத்தில் ஒரு டிடிபி சென்டரில், மேல்படிப்புப் படிக்கும் டாக்டர்களின் தீசிஸ்களை டைப் அடிப்பது வேலை. ஒரு மாணவிக்கு வாய்த்த கைடு, நரம்பு மண்டலம் பற்றிய முதல் அத்தியாயத்தைப் பதினோரு தடவை திருப்பி அனுப்பினாராம். பதினோரு தடவையும் அடித்தவள் அக்கா. அந்தப் பெண் பாஸானாளோ இல்லையோ, அக்கா கரைகண்டுவிட்டாள். மூளையிலிருந்து பன்னிரண்டு ஜோடி நரம்பு, தண்டுவடத்திலிருந்து முப்பத்தொரு ஜோடி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள். கல்லீரல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் மட்டும், "அது வேற சேப்டருட்டி, வேற ஆளு அடிச்சா" என்பாள்.

தம்பானூரில் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் டிக்கெட் போடும் வேலைக்குச் சேர்ந்து, நான் அவளுக்குப் பக்கத்துக் கட்டிலுக்கு வந்தேன். முதல் நாளே இஸ்திரிப்பெட்டியில் விரல் பட்டு, ஆவென்று கையை இழுத்தேன். மற்றவர்கள் களிம்பு தேடினார்கள். அக்கா பாடம் எடுத்தாள்.

"இப்போ கையை எடுத்தது யாரு?"

"நான்தான்."

"நீ இல்லட்டி. சுட்ட சேதி ஒரு நரம்பு வழியா ஸ்பைனல் கார்டுக்குப் போச்சு. 'எடு கையை'ன்னு அங்கனயே ஆர்டர் போட்டாச்சு. அது இன்னொரு நரம்பு வழியா தசைக்கு வந்துட்டு. மூளைக்குப் பொறவுதான் தெரியும். மேனேஜர் வாறதுக்கு முந்தி கிளார்க்கு வேலையை முடிச்சிருதாம்லா, அதே கததான். இதுக்குப் பேரு ரிஃப்ளெக்ஸ்."

பாடம் நல்ல பாடம்தான். அதை அவள் பயன்படுத்திய விதம்தான் எங்களைப் படுத்தியது. என் நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலம் காலியானால், "கை தானா போச்சு, ரிஃப்ளெக்ஸ்." படியில் தடுக்கி என் பக்கெட்டை உடைத்தால், "நடையைப் பாத்துக்கிடுதது சிறுமூளை. அதை விசாரி." ஹாஸ்டலில் சாயங்காலம் பிரார்த்தனை உண்டு. ஒருநாள் எல்லாரும் கண்ணை மூடியிருக்க, அவள் வயிறு மட்டும் உரக்கப் பாடியது. வார்டன் சேச்சி ஒற்றைக் கண்ணைத் திறந்தாள்.

"அது ஆட்டோமேட்டிக் டிபார்ட்மென்ட் சேச்சி" என்றாள் அக்கா. "இதயம் அடிக்கது, வயிறு அரைக்கது, கண்ணீர் வடியது எல்லாம் அந்த நரம்புக பொறுப்பு. நாம சொன்னா கேக்காது."

வார்டன் சேச்சி மலையாளி. எங்களோடு தமிழும் மலையாளமும் பிசைந்து பேசுவாள். பொறுமைசாலிதான், ஆனால் அந்தப் பொறுமைக்கும் ஒருநாள் முடிவு வந்தது. கோயிலுக்குப் புறப்பட்டு, கஞ்சி போட்ட புது செட்டுமுண்டு உடுத்தியிருந்த சேச்சி, பின்னாலிருந்து அக்காவின் தோளைத் தொட்டாள். அக்கா திடுக்கிட்டுத் திரும்பியதில் கையிலிருந்த பால் விடாத கட்டன் சாயா முழுவதும் செட்டுமுண்டில். ஆறிப்போன சாயா என்பது ஒன்றுதான் ஆறுதல்.

"நானில்ல சேச்சி, ஸ்பைனல்..."

"மதி, போதும்! எனிக்கு ஒண்ணும் கேக்கண்டா. நீயும் உன்றெ ஸ்பைனல் கார்டும் மாசக் கடைசில ரூம் ஒழிஞ்சு தரணும், கேட்டோ?"

ஒரு 'மன்னிச்சிருங்க' சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அந்த வார்த்தை மட்டும் அவள் வாயில் வரவில்லை. ஊரில் அவளுக்கு அப்பா அம்மா இல்லை, போய்த் தங்க வீடும் இல்லை. ஒன்பது வருடமாக அந்த ஜன்னலோரக் கட்டில்தான் வீடு. அட்டைப்பெட்டிகள் வாங்கி வந்து துணிகளை அடுக்க ஆரம்பித்தாள். அறையில் நரம்புப் பேச்சே இல்லை. எனக்குச் சிப்ஸ் தின்னவே பிடிக்கவில்லை.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது அது நடந்தது. சமையல்கார செல்வி பெரிய பானைச் சோற்றை அடுப்பிலிருந்து இறக்கினாள். முட்டுவலிக்காரியான சேச்சி பக்கத்திலேயே பலகை போட்டு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். செல்வியின் பிடிதுணி வழுக்கி, கொதிக்கும் கஞ்சியோடு பானை சேச்சியின் தலைப்பக்கம் சாய்ந்தது. தட்டு எடுக்க வந்த அக்கா பாய்ந்து, வெறுங்கையால் பானையைப் பிடித்தாள். செல்வி மறுபடி துணி சுற்றிப் பிடிக்கும்வரை விடவில்லை. சேச்சி மேல் ஒரு சொட்டுகூட விழவில்லை. அக்காவின் பத்து விரலும் வெந்துபோயின. அந்த விரல்கள்தான் அவள் பிழைப்பு.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "வலி உண்டோ?" என்றார்.

"உயிர் போகுது டாக்டர்."

"நல்லது. நரம்புக்குக் கேடில்ல. விரல் சரியாயிடும்."

கைகளில் பந்து பந்தாகக் கட்டுப்போட்டு அக்காவைக் கட்டிலில் உட்காரவைத்தோம். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏன்க்கா இப்படிப் பண்ணினீங்க?" என்றேன்.

"நான் எங்கட்டி பண்ணுனேன்? ரிஃப்ளெக்ஸ்."

எனக்குக் கோபமே வந்துவிட்டது. "நீங்க சொல்லித்தந்ததுதானே? சுட்டா ஸ்பைனல் கார்டுக்குக் கையை எடுக்கத்தான் தெரியும். எடுக்காதே, பிடிச்சுக்கிட்டு நில்லுன்னு சொன்னது யாரு?"

அக்கா கட்டுப்போட்ட கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அந்த சேப்டரை நான் அடிக்கலட்டி" என்றாள்.

அப்போது சேச்சி ஒரு தட்டில் சோறும் மோர்க் குழம்பும் பிசைந்துகொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். அக்கா தலைகுனிந்தபடி, "சேச்சி, பெட்டி கட்ட இன்னும் கொஞ்சம் கிடக்கு. கை இல்ல. ஒரு வாரம் தாருங்க, ஒழிஞ்சிருதேன்" என்றாள்.

"மிண்டாதே" என்று பேச்சை வெட்டி அதட்டினாள் சேச்சி. "வாய் திற."

உருண்டை உருண்டையாக ஊட்டினாள். ஓரத்தில் இருந்த அட்டைப்பெட்டிகளை நான் பிரித்து, துணிகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கினேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நாலாவது உருண்டையில் அக்காவின் கன்னம் நனைந்திருந்தது.

"அழுறீங்களாக்கா?"

"நானா? ஆட்டோமேட்டிக் டிபார்ட்மென்ட்."

என் கண்ணும் நிறைந்தது. நான் எந்த நரம்பின் மேலும் பழி போடவில்லை. எனக்கு அவள்மேல் அவ்வளவு பிரியம்.