டாலி அண்ணாச்சியின் பதினேழு சொந்தக்காரர்கள்

தூத்துக்குடியிலேயே அதிகமான சொந்தபந்தம் உள்ள மனிதர் யார் என்று அந்தக் காலத்தில் என்னைக் கேட்டிருந்தால், டாலி அண்ணாச்சி என்று தயங்காமல் சொல்லியிருப்பேன். பெரியப்பா, சித்தப்பா, மூன்று மச்சான்கள், இரண்டு அத்தைகள், ஒரு மதினி, இன்னும் பலர் என்று ஒற்றை அறையில் பதினேழு பேர் இருந்தார்கள். பதினேழு பேரும் மரம் என்பதுதான் ஒரே குறை.

எழுபதுகளின் ஆரம்பம். புதுத் துறைமுகம் வேலை முடியாமல் கிடந்தது. கப்பல்கள் கரைக்கு வராமல் நடுக்கடலிலேயே நிற்கும். தோணிகள் போய்ச் சரக்கை இறக்கி வரும். எத்தனை மூட்டை இறங்கியது என்று நோட்டில் கோடு போட்டு எண்ணுகிறவர் டாலி கிளார்க். நான் பீச் ரோட்டில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் குமாஸ்தா. அண்ணாச்சி எங்கள் ஆபீஸ் டாலி. சொந்தப் பெயர் ஒன்று சம்பளப் பதிவேட்டில் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நாற்பத்திரண்டு வயது, கட்டை பிரம்மச்சாரி. தாய் தகப்பன் முகம் தெரியாமல் மிஷன் விடுதியில் வளர்ந்தவர். அங்கே ஜெபமும் தச்சு வேலையும் கற்றுக்கொடுத்திருந்தார்கள். ஜெபத்தைச் சுருக்கமாகவும் தச்சு வேலையை விரிவாகவும் செய்வார்.

எல்லாம் ஒரு காலண்டரில் ஆரம்பித்தது. ஏதோ வெளிநாட்டுக் கப்பல் கம்பெனி அனுப்பிய காலண்டர். ஆகஸ்ட் மாதத்துக்குத் தென்கடல் தீவு ஒன்றின் மரச் சிலையைப் போட்டிருந்தார்கள். முழி பிதுங்கி, வாய் காதுவரை கிழிந்து, பல்லெல்லாம் வெளியே தெரிய, முழங்காலை மடக்கி, வயிற்றில் கைவைத்து நிற்கும் ஓர் ஆள். அதற்கு 'டீக்கி' என்று பெயராம். பார்த்த எங்கள் ஹெட் கிளார்க், "வயித்து வலிக்காரன் மாதிரி இருக்கானே" என்றார். அண்ணாச்சி மட்டும் அந்தத் தாளைக் கிழித்துக்கொண்டு போய் அறையில் ஒட்டிவிட்டார். மூன்று வருஷம் அந்த அறையில் ஆகஸ்ட் மாதம்தான்.

அதைப் பார்த்து அதேபோல் செதுக்கவும் ஆரம்பித்தார். மரத்துக்குப் பஞ்சமில்லை. சரக்கு நனையாமல் இருக்கக் கப்பலின் அடியில் கட்டைகளைப் பரப்பியிருப்பார்கள். சரக்கு இறங்கியதும் அவற்றைக் கடலில் வீசுவார்கள். ஒரு நாள் கோதுமைக் கப்பலில் இருந்து அப்படி ஒரு நல்ல கட்டை மிதந்து வந்திருக்கிறது. தோணியின் விளிம்பில் உட்கார்ந்து டாலி எழுதிக்கொண்டிருந்த அண்ணாச்சி எட்டிப் பிடிக்கப் போய்த் தொபுக்கடீர் என்று விழுந்தார். "அண்ணாச்சி போயிட்டாரு! ஏலே, கயித்தப் போடு!" என்று ஒரே கூப்பாடு. கொஞ்ச நேரத்தில் டாலி நோட்டுடன் ஒரு கை மேலே வந்தது. அடுத்த கை கட்டையோடு வந்தது. கடைசியாகத்தான் தலை வந்தது. வந்த தலை கேட்டது: "இப்பம் இறங்கினது பன்னெண்டு மூட்டைதானலே?"

முதல் நாலைந்து உருவம் செய்து முடித்தபோது ஒரு கப்பலில் அந்தத் தீவுப் பக்கத்து மாலுமி ஒருவர் வந்திருக்கிறார் என்று தெரிந்தது. விடுவாரா அண்ணாச்சி? சாயா வாங்கிக் கொடுத்து அறைக்கே கூட்டி வந்துவிட்டார். மாலுமி ஒவ்வொன்றாகப் பார்த்தார். முழங்கால் போதாது என்று சொல்லித் தானே வயிற்றில் கைவைத்து மடங்கி நின்று காட்டினார். தங்கள் ஊரில் இப்போது இதை விமான நிலையத்தில் விற்கிறார்கள் என்று சொல்லிச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஆனால் இது விளையாட்டுச் சாமான் இல்லை. எங்களுக்கு இவர்கள் பாட்டன் பூட்டன் மாதிரி. வம்சத்து ஆட்கள்" என்றார்.

அதை அண்ணாச்சி அப்படியே பிடித்துக்கொண்டார். "பாத்தியாலே, நம்மகிட்டதான் ஆள் கிடையாது. செய்துகிட வேண்டியதுதான்" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு உருவத்துக்கும் முறை வைக்க ஆரம்பித்தார். ஆள் உயரத்தில் பாதி இருந்தவர் பெரியப்பா. நான் உள்ளே நுழைந்தால், "மெள்ளப் பேசுலே, பெரியப்பா இப்பம்தான் கண்ணசந்தாரு" என்பார். அந்த முழியை வைத்துக்கொண்டு பெரியப்பா எப்படிக் கண்ணசந்தார் என்று நான் கேட்டதில்லை. ஒரு தடவை நடு மச்சான் சுவரைப் பார்த்து நின்றார். "என்ன அண்ணாச்சி?" என்றேன். "எங்களுக்குள்ள ஒரு வாரமாப் பேச்சுவார்த்தை கிடையாது" என்றார். செதுக்கும்போது உளி வழுக்கி இவர் விரலைப் பதம் பார்த்துவிட்டதாம். "மாமியாரை எப்பம் செய்யப் போறீய?" என்று கேட்டேன். "அது கல்யாணம் ஆனபொறவு" என்றார். சொன்னவர் சிரிக்கவில்லை. விளையாட்டாய்ப் பேசுகிறாரா வினையாய்ப் பேசுகிறாரா என்று எங்கள் யாருக்கும் கடைசிவரை பிடிபடவில்லை.

அந்தக் கல்யாணப் பேச்சு என் காதில் விழுந்திருக்கக் கூடாது. எனக்கு இருபத்தாறு வயது. அடுத்தவர் காரியத்தில் மூக்கை நுழைக்கும் வியாதி அப்போதே முற்றியிருந்தது. நாசரேத்தில் இருந்த என் சித்திக்குக் கடிதம் போட்டேன். அவள் கிரேஸ் டீச்சர் என்று ஒரு வரனைச் சொன்னாள். முப்பத்தைந்து வயது, தாய் தகப்பன் இல்லை, ஓர் அத்தை மட்டும் உண்டு. அண்ணாச்சியிடம் சொன்னபோது கையில் இருந்த உளியைக் கீழே வைத்தார். "என்னையா? என்னைப் பாக்கவா வாராக?" என்று மூன்று தரம் கேட்டார். மறுநாளே புது வேட்டி வாங்கிவிட்டார். ஆசைப்பட்ட மனிதரை அவ்வளவு பக்கத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மாப்பிள்ளை இருக்கும் இடத்தை நானே பார்த்தால்தான் ஆச்சு என்று டீச்சர் சொல்லிவிட்டாள். பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் பதினேழு பேர் நடுவில் ஒரு பெண்பிள்ளை வந்து நின்றால் என்ன ஆகும்? "இவுகளையெல்லாம் ஒரு நாளைக்கு வெளியே அனுப்பணும் அண்ணாச்சி" என்றேன்.

"சொந்தக்காரங்க இல்லாமலா பேசி முடிப்பாக?"

"இந்தச் சொந்தக்காரங்க இருந்தா பேச்சே தொடங்காது."

அண்ணாச்சி பெரியப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நீ சொன்னாச் சரிதாம்லே" என்றார். சனிக்கிழமை கைவண்டி பிடித்து, சாக்கு போட்டு மூடி, பதினாறு பேரை ஆபீஸ் பழைய ரிக்கார்டு ரூமுக்குக் கொண்டுபோனேன். பெரியப்பாவுக்கு அங்கே இடம் போதவில்லை. ஹெட் கிளார்க் அப்போது புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். அவர் மனையில் இறக்கிவிட்டு வந்தேன். ஆகஸ்ட் மாதத்தையும் சுரண்டி எடுத்தேன். உளி, சுத்தி, சீவல் ஒன்று விடாமல் பெருக்கி எடுத்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை டீச்சரும் அத்தையும் சித்தியும் வந்தார்கள். பலகாரத்துக்கு மக்ரூன் வாங்கி வைத்திருந்தோம். டீச்சர் அமைதியாக உட்கார்ந்து அறையைப் பார்த்தாள். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு டிரங்குப் பெட்டி, ஆணியில் ஒரு சட்டை. அவள் பார்வை தரைக்குப் போனது. உருவங்கள் நின்ற இடமெல்லாம் வட்ட வட்டமாகத் தடம்.

"இங்க என்ன இருந்தது?" என்றாள்.

"தண்ணிக் குடம், டீச்சர்" என்றேன் நான் முந்திக்கொண்டு.

"இத்தனை குடமா?"

"தூத்துக்குடி தண்ணிக் கஷ்டம் உங்களுக்குத் தெரியாததா டீச்சர்?"

அத்தை ஆமோதித்தாள். டீச்சர் அண்ணாச்சியின் பக்கம் திரும்பினாள். "சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்து என்ன செய்வீங்க?"

வேதம் வாசிப்பேன் என்று சொல்லும்படி படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். ஆனால் அண்ணாச்சிக்குப் பொய் வராது. உண்மையைச் சொல்ல நான் விடவில்லை. என் முகத்தைப் பார்த்தார், காலி மூலையைப் பார்த்தார். "சும்மா இருப்பேன்" என்றார்.

நாலாம் நாள் சித்தியின் கடிதம் வந்தது. டீச்சர் சொன்னதை அப்படியே எழுதியிருந்தாள்: "நல்ல மனுஷன்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனா அந்த ரூம்ல ஒரு ஆள் குடியிருக்கிற அடையாளமே இல்லியே அக்கா. பொழுதன்னைக்கும் பிள்ளைகளோட கத்திட்டு வீட்டுக்கு வந்தா, பேச ஒரு ஆள் வேணும்னுதான் இந்த வயசில கல்யாணமே. சும்மா இருக்கிறவர்கிட்ட நான் போய் என்னத்தப் பேச?"

அந்தக் கடிதத்தை நான் அண்ணாச்சியிடம் காட்டவில்லை. "சரிப்பட்டு வரலியாம்" என்று மென்று விழுங்கினேன். அவர் தலையாட்டினார். "பொம்மை சமாச்சாரம் எப்படியோ தெரிஞ்சு போச்சு போல. நீ என்ன செய்வே? முழுசா வளர்ந்த ஆம்பிளை பொம்மை செய்து விளையாடினா எவ வருவா?" என்றார். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் குற்றவாளி நானல்லவா!

அவர் உருவங்களைத் திரும்பக் கேட்கவே இல்லை. கடலில் நல்ல நல்ல கட்டைகள் மிதந்து போயின. தோணியில் இருந்தபடி மூட்டையை மட்டும் எண்ணினார். நான் அறைக்குப் போகும்போதெல்லாம் கட்டிலில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, டீச்சரிடம் சொன்னபடியே சும்மா இருந்தார். அந்த அறையில் என்னால் ஐந்து நிமிஷம் உட்கார முடியவில்லை. ஒரு மாதம் பொறுத்தேன். அதற்குமேல் சோறு இறங்காமல், ஒரு சாயங்காலம் போய்க் கடிதத்தை அவர் கையில் கொடுத்துவிட்டேன்.

இரண்டு தரம் வாசித்தார். என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அப்பம், நம்ம சொந்தக்காரங்களையெல்லாம் பாத்திருந்தா அவ சம்மதிச்சிருப்பாளோலே?"

அடுத்த ஞாயிறு விடியற்காலை பஸ்ஸில் நாசரேத்துக்கு ஓடினேன். டீச்சரைக் கோயிலிலேயே பார்த்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடுவது என்று திட்டம். ஆராதனை நடுவில் பாதிரி ஐயர் கல்யாண ஓலை வாசித்தார். கிரேஸ் டீச்சருக்கும் சாத்தான்குளம் பக்கம் ஒரு ஹெட்மாஸ்டருக்கும் கல்யாணம். இவர்களைச் சேர்த்து வைக்கத் தடை ஏதும் இருப்பதாக யாருக்காவது தெரிந்தால் சொல்லலாம் என்றார். சபை மொத்தமும் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நான் எழுந்து என்னத்தைச் சொல்ல? ஐயா, பதினேழு மரப் பொம்மைகளைப் பெண்ணுக்குக் காட்டாமல் ஒளித்துவிட்டேன் என்றா? முன்வரிசையில் டீச்சர் லேசாகச் சிரித்தபடி இருந்தாள். பேசாமல் பஸ் ஏறினேன்.

அண்ணாச்சியிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "மாப்பிள்ளை என்ன வேலை?" என்றார்.

"ஹெட்மாஸ்டர்."

"நல்லாப் பேசுவாராமா?"

"ஹெட்மாஸ்டர்லா அண்ணாச்சி! வாயை மூட மாட்டாரு."

"அப்பம் சரி" என்றார். நிஜமாகவே அவருக்கு அது சரியாகத்தான் பட்டது. முகம் லேசாகத் தெளிந்தது. பிறகு எழுந்து சட்டையை மாட்டினார். "வண்டியப் பிடிலே. பெரியப்பாவக் கூட்டியாருவோம்."

ஹெட் கிளார்க் வீட்டுக்குப் போனால், பெரியப்பா மாடிச் சாரத்தில் தொங்கிக்கொண்டிருந்தார். நெற்றியில் குங்குமம், கழுத்தில் பூசணிக்காய், பக்கத்தில் பிய்ந்த செருப்பு. கண்திருஷ்டிக்காம். ஹெட் கிளார்க் வழியை மறித்தார். "நல்லா இருப்பேரு, இவரை மட்டும் கேக்காதேயும்! இவரு ஏறினதிலேருந்து ஒரு சிமெண்டு மூட்டை களவு போகல."

"எங்க பெரியப்பாவைக் கட்டித் தொங்கவிட்டிருக்கீரே, உமக்கே நல்லா இருக்கா?" என்றார் அண்ணாச்சி. ஹெட் கிளார்க் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்தேன். அவர் ஏணியை எடுத்து வந்து தானே ஏறிக் கயிற்றை அவிழ்த்தார். இறக்கிய பிறகு தன் துண்டால் குங்குமத்தையும் துடைத்துவிட்டார். ரிக்கார்டு ரூமில் இருந்த பதினாறு பேரும் அன்றே அறைக்குத் திரும்பினார்கள்.

அதற்குப் பிறகு அண்ணாச்சிக்கு வரன் யாரும் பார்க்கவில்லை. அவரும் பார்க்கச் சொல்லவில்லை. அறையில் புது மச்சான்கள் ஐந்தாறு பேர் கூடினார்கள். சில வருஷங்களில் எனக்கு மதுரைக்கு மாற்றல் ஆனது. அதுவரை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் நான் அவர் அறையில்தான் இருப்பேன். அவர் செதுக்குவார், நான் ஆபீஸ் வம்பெல்லாம் சொல்லித் தீர்ப்பேன். செய்த பாவத்துக்குப் பரிகாரம் என்று நினைத்துத்தான் முதல் ஞாயிறு போனேன். இரண்டாவது ஞாயிறு, அவரைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது, போனேன்.