முள்ளம்பன்றிக்குக் கிடைத்த அங்கீகாரம்

ஒரு காட்டில் சிங்கம் ராஜாவாக இருந்து அலுத்துப்போய் நீதிபதி ஆகிவிட்டது. பாறை நிழலில் உட்கார்ந்து வழக்கு கேட்கும். பசித்தால் வாய்தா போடும். பசி வேளையில் வாய்தா கிடைப்பதை எந்தக் கட்சிக்காரரும் குறை சொன்னதில்லை.

அந்தக் காட்டில் மரகதராஜன் என்றொரு ஆண்மயில் இருந்தார். அவர் ஆட்டத்தைப் பார்க்க அடுத்த காட்டிலிருந்தும் வருவார்கள். ஆடி முடித்து வீட்டுக்குப் போனதும் மனைவி அஞ்சலையின் தலையில் கொத்துவார். ஆட்டம் நன்றாக அமைந்த நாளில் கொஞ்சமாக, அமையாத நாளில் நிறைய. அவளுடைய கொண்டை இருந்த இடத்தில் இப்போது வெறும் குச்சிகள்தான் நின்றன. போன முறை அவள் இட்ட முட்டைகளை அவர் மிதித்து உடைத்தார். இந்த முறை யாருக்கும் சொல்லாமல் ஒரு காரைப் புதருக்குள் முட்டையிட்ட அஞ்சலை, அவர் தன்னை நெருங்கக் கூடாது என்று உத்தரவு கேட்டுச் சிங்கத்திடம் பிராது கொடுத்தாள்.

விசாரணையன்று மரகதராஜன் அவளுக்கு எதிரே வந்து தோகையை விரித்தார். வேறொன்றும் செய்யவில்லை.

"சொல்லம்மா," என்றது சிங்கம்.

"ஒண்ணுமில்லீங்க ஐயா," என்றாள் அஞ்சலை.

"இவ்வளவு அழகா ஆடுறவரு போய் அடிப்பாரா?" என்று ஒரு முயல் பக்கத்து முயலிடம் சொன்னது. சிங்கம் வாய்தா போட்டது.

இப்படி வாயடைத்துப் போகிறவர்களுக்குத் துணையாக வருவது குருவம்மா என்ற முள்ளம்பன்றியின் வேலை. யாரும் கொடுத்த வேலையில்லை, தானாக எடுத்துக்கொண்டது. அடிபட்டவளுக்கும் அடித்தவனுக்கும் நடுவில் போய் உட்காருவாள். அவன் முறைத்தால் முள்ளைச் சிலிர்ப்பாள். பிறகு அவளோடு வீடுவரை நடப்பாள். அடுத்த வாய்தாவுக்கு அஞ்சலையோடு அவள் வந்தபோது, நீதிமன்ற எழுத்தரான கொக்கு ஒற்றைக் காலில் நின்றபடி மறித்தது.

"முன்னெல்லாம் பாத்தும் பாக்காம விட்டேன். இப்ப மரகதராஜன் ஐயா ஆட்சேபணை பண்ணியிருக்காரு. நீ வாதியா, சாட்சியா?"

"கூட வந்தவ."

"கூட வந்தவங்கன்னு சட்டத்துல யாரும் கிடையாது. வேலிக்கு அந்தப் பக்கம் போயி நில்லு."

காட்டுப் பெண்கள் கொதித்தார்கள். மான்கள் மறியல் செய்தன. கடைசியில் துணை நிற்போர் அங்கீகாரச் சட்டம் வந்தது. அதை வரையக் குழு அமைத்தபோது கலைத்துறை சார்பில் மரகதராஜனும் இடம்பெற்றார். துணை நிற்பவர் இரு தரப்புக்கும் பொதுவானவராக இருக்க வேண்டும் என்றது சட்டம். உடம்பில் கூரான பகுதி எதுவும் இருக்கக் கூடாது. யாரோடும் வீடுவரை நடக்கக் கூடாது.

சட்டம் நிறைவேறியதற்கு விழா எடுத்தார்கள். குருவம்மாவை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். அது முள்ளில் மாட்டிக் கிழிந்தது. பிறகு மரகதராஜன் ஆடினார்.

பதவிக்கு ஆமை அமர்த்தப்பட்டது. எந்த விஷயத்திலும் அதற்குக் கருத்து இருந்ததாக யாருக்கும் நினைவில்லை. அடுத்த விசாரணையில் அது அஞ்சலையின் பக்கத்தில் உட்கார்ந்தது. மரகதராஜன் தோகையை விரித்தார். ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

"பயப்படாதம்மா, நான் இருக்கேன்," என்று ஓட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஒண்ணுமில்லீங்க ஐயா," என்றாள் அஞ்சலை.

"அடுத்த தடவையும் இதையே சொன்னால் பிராது தள்ளுபடி," என்றது சிங்கம்.

வெளியே வந்ததும் மரகதராஜன் அவளை வழிமறித்தார். "எந்தப் புதருன்னு சொல்லிடு. நானே போய்ப் பாத்துக்கறேன்." தோகையை விரித்து ஒரு சுற்றுச் சுற்றி, முதுகைக் காட்டியபடி பின்னோக்கி நகர்ந்து அவளைப் பாறையோடு நெருக்கினார். அவர் ஆட்டத்திலேயே பேர்போன அடவு அது. வேலியோரம் நின்ற குருவம்மா ஓடிவந்து இருவருக்கும் நடுவில் நுழைந்தாள். கலைஞர் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. அப்படியே முள்ளின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

அந்த அலறலுக்குப் பிறகு சட்டம் காட்டிய சுறுசுறுப்பைக் காடு அதற்கு முன் கண்டதில்லை. முள்ளைப் பிடுங்குவதற்குள் கொக்கு குருவம்மாமேல் பிராதைப் பதிவு செய்துவிட்டது. அஞ்சலையின் பிராதும் இதுவும் ஒரே குடும்பத்து வழக்கு என்பதால் சேர்த்தே விசாரிப்பதாகச் சிங்கம் சொன்னது. சாப்பாட்டு நேரம் மிச்சமாகும்.

விசாரணையன்று கொக்கு, "குருவம்மா, குருவம்மா, குருவம்மா," என்று முறைப்படி கூவி அழைத்தது. வேலியைத் திறந்துவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவர் நிற்கும் இடம் அஞ்சலைக்கும் மரகதராஜனுக்கும் நடுவில் இருந்தது.

"இவளை வெளியே அனுப்பணும்," என்றார் மரகதராஜன்.

"குற்றம் சாட்டப்பட்டவர் இல்லாமல் விசாரணை கிடையாது. அது அவள் உரிமை," என்றது சிங்கம்.

"அப்ப பிராதை வாபஸ் வாங்கிக்கறேன்."

"காயம் இருக்கா?"

"உக்கார முடியலைங்க."

"அப்ப வாபஸ் கிடையாது."

மரகதராஜன் தோகையை விரிக்கப் பார்த்தார். குருவம்மா லேசாகத் திரும்பி நின்றாள். பாதி விரிந்த தோகை மடங்கியது. அஞ்சலை தொண்டையைச் செருமிக்கொண்டாள். முதலில் கொண்டையைப் பற்றிச் சொன்னாள். பிறகு, "போன தடவை முட்டைக்குள்ள குஞ்சு அசைஞ்சுது ஐயா. அதைச் சொன்னேன். அதுக்கப்புறந்தான் மிதிச்சாரு," என்றாள்.

சிங்கம் அன்று பசியை மறந்தது. மரகதராஜன் அஞ்சலை இருக்கும் திசைக்கே போகக் கூடாது என்று உத்தரவிட்டது. சட்டத்தின் முதல் வெற்றி இது என்று கொக்கு அறிக்கை வெளியிட்டது. ஆமைக்குப் பதக்கம் கொடுத்தார்கள்.

முள் குத்திய குற்றத்துக்காக, மழைக்காலம் முடியும்வரை குருவம்மா தினமும் நீதிமன்றத்துக்கு வந்து அதே இடத்தில் நிற்க வேண்டும் என்று தண்டனை விதிக்கப்பட்டது.

மறுநாள் காது கிழிந்த ஒரு பெண்மான் அவளிடம் வந்தது. "அக்கா, என் விசாரணை தள்ளித் தள்ளிப் போவுது. அன்னைக்கு நீங்க இருப்பீங்களா?"

"இருப்பேன் தாயி. மழை விட்டுடும்போல இருந்தா முன்கூட்டியே சொல்லு. இன்னொருத்தனைக் குத்திட்டு வந்துடறேன்."

நீதி: அடிபட்டவருக்குத் துணை நிற்க விரும்புகிறவர் சட்டத்தின் அங்கீகாரத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். ஒரு குற்றம் செய்தால் போதும். பெயர் சொல்லிக் கூப்பிட்டு இடம் கொடுப்பார்கள்.